கேட் சர்வரில் மாறிய கைரேகை

நான் முன்பு வேலை பார்த்த கன்டெய்னர் யார்டில் போன மாதம் ஒரு திரையைத் திறந்து வைத்தார்கள். ஆமாம், திரையைத்தான். பாலம் திறப்பதுபோல ரிப்பன் கட்டி, தட்டில் கத்தரிக்கோல் வைத்து நீட்டினார்கள். சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் உலக வரைபடம். எங்கிருந்தோ எங்கேயோ பாய்ந்துகொண்டிருக்கும் ஒளிக்கோடுகள். நம் சர்வர்களில் யாராவது புகுந்தால் இது தானாகவே யோசித்துத் தானாகவே பிடித்துவிடும் என்று விற்க வந்தவர் சொன்னார். பழைய ஆட்கள் என்ற முறையில் எங்களில் சிலரையும் கூப்பிட்டிருந்தார்கள். முந்திரி பக்கோடா நன்றாக இருந்தது.

புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து கேட்டாள்: "இந்த ஸ்க்ரீன் எல்லாம் இல்லாம உங்க காலத்துல எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

"பார்த்தோம்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவளும் அவளைப் போன்றவர்களும் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

நான் புளியந்தோப்பு வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா பௌத்தர், யசோதரா என்று பெயர் வைத்தார். கணிதத்தில் பட்டம் வாங்கி, ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் பில் அடித்து, பிறகு திருவொற்றியூரைத் தாண்டி இருந்த இந்த யார்டில் சேர்ந்தேன். அங்கே யுனிக்ஸ் சர்வர்களை நிறுவ வந்த இன்ஜினியர் பாதி வேலையில் வளைகுடாவுக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன தடித்தடியான கையேடுகளை ஏ.சி. அறையில் சால்வை போர்த்திக்கொண்டு படித்தேன். என் பயிற்சி அவ்வளவுதான். அந்த அறையில் உட்கார வேறு யாருக்கும் விருப்பமில்லாததால் அறையும் சர்வர்களும் என்னுடையவை ஆயின.

சில வருடங்களில் அந்த சர்வர்களைக் காவல் காக்கும் மென்பொருளும் வந்தது. அதைப் பலரும் 'ஆன்டிவைரஸ்' என்பார்கள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். அது வைரஸ் தேடுவதில்லை. ஒவ்வொரு சர்வருக்குள்ளும் உட்கார்ந்துகொண்டு, இங்கே எது மாறியது என்று மட்டும் பார்க்கும்.

புது சர்வர் வந்ததும், நெட்வொர்க் கேபிளைச் செருகுவதற்கு முன்பே, அதிலுள்ள முக்கியமான ஃபைல்கள் அத்தனைக்கும் கைரேகை எடுப்பேன். கைரேகை என்றால், ஃபைலின் உள்ளடக்கத்தைக் கணக்குப் போட்டு வரும் ஒரு நீளமான எண். உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இந்தக் கைரேகைத் தொகுப்புக்கு பேஸ்லைன் என்று பெயர். அதை ஒரு ரகசியத் தொடரால் பூட்டி, சி.டி.யில் எழுதி, என் இரும்பு அலமாரியில் வைப்பேன். சி.டி.யில் எழுதியதை யாரும் அழித்து எழுத முடியாது. அதன்பின் மென்பொருள் நாள் முழுவதும் இருப்பதையும் பேஸ்லைனையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். சர்வரில் யார் நுழைந்தார்கள், எங்கிருந்து நுழைந்தார்கள் என்று விழும் வரிகளையும் விழுந்த கையோடு என் மேஜையிலிருந்த தனிக் கணினிக்கு அனுப்பிவிடும். புகுந்தவன் பிறகு சர்வரில் உள்ள வரிகளை அழித்தாலும் என்னிடம் இருப்பதை அழிக்க முடியாது.

நிறுவுவது ஒரு நாள் வேலை. பழக்குவதுதான் வேலை. எது தினமும் மாறும், எது மாதம் ஒருமுறை மாறும், எது மாறவே கூடாது என்று ஒவ்வொன்றாக அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்காமல் விட்டால் அது டோல்கேட் சந்திப்பு மாதிரி ஆகிவிடும்; எல்லா வண்டியும் ஹாரன் அடிக்கும், எது ஆம்புலன்ஸ் என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஃபைல் மாறினால், மாற்றியது யார், ஏன் மாற்றினார் என்று ஆளைக் கூப்பிட்டுக் கேட்பேன். இரண்டுக்கும் பதில் வந்தால்தான் புதுக் கைரேகையை ஏற்பேன். அதுவரை என் திரையில் அந்த சர்வருக்கு நேரே சிவப்பு எரியும். ஆபீசில் எனக்கு 'ஸ்டேஷன்' என்று பட்டப்பெயர் இருந்தது. இருக்கட்டும்.

இனி வரதன். எங்கள் கணினிப் பிரிவின் தலைவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். பேசும்போது கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் நாம் பேசி முடித்துவிட வேண்டும். என் பெயரைக் கடைசி வரை யசோதா என்றே சொன்னார். இரண்டு முறை திருத்தினேன். "ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். ஒரு எழுத்து மாறினால் எல்லாம் மாறிவிடும் என்பதைச் சொல்லியே சம்பளம் வாங்கும் ஒருத்தியிடம்!

அவருக்குப் பிடித்த நிறம் பச்சை. மாதக் கூட்டத்தில் மேலிடத்துக்குக் காட்டும் படத்தில் எல்லா சர்வரும் பச்சையாக இருக்க வேண்டும். சிவப்பு இருந்தால் அது ஏன் சிவப்பு என்று கேட்க மாட்டார்; எப்போது பச்சையாகும் என்று கேட்பார். ஒருமுறை கூட்டத்தில் அவருடைய மெயில் பெட்டி தவறுதலாகத் திரையில் விழுந்தது. அதில் 'யசோதா' என்று ஒரு தனி அறை. நான் அனுப்பிய எச்சரிக்கைகள் எல்லாம் தானாக அதற்குள் போய் விழ ஏற்பாடு செய்திருந்தார். பக்கத்தில், படிக்காதவற்றின் எண்ணிக்கை நான்கு இலக்கத்தில் தடித்த எழுத்தில் மின்னியது. அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

எங்கள் சர்வர்களில் ஒன்று கேட் சர்வர். யார்டிலிருந்து ஒரு கன்டெய்னர் வெளியே போக வேண்டுமானால் அதில்தான் கேட் பாஸ் போட வேண்டும். கேட் கிளார்க்குகள் கறுப்புத் திரையில் தங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்து அதற்குள் நுழைவார்கள். ஒருநாள் காலை அந்த சர்வருக்குச் சிவப்பு எரிந்தது. மாறியிருந்தது, நுழைகிறவர்களிடம் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி உள்ளே விடும் லாகின் புரோகிராம். மாறவே கூடாதவற்றில் முதலாவது அது.

நான் மாற்றவில்லை. அந்த சர்வரில் கை வைக்கும் உரிமை என்னைத் தவிர வரதனுக்கும், எடைமேடை மென்பொருளை விற்ற வெண்டர் கம்பெனிக்கும் இருந்தது. வெண்டர் தன் ஆபீசிலிருந்தே நுழைந்து பழுது பார்ப்பதற்காக ஒரு தனி வழி எப்போதும் திறந்து கிடந்தது. அதை மூடச் சொல்லி நான் கேட்டதெல்லாம் 'யசோதா' அறையில் கிடந்தது.

வரதனிடம் போனேன். "வெண்டர் ஏதாவது அப்டேட் பண்ணியிருப்பான். இதெல்லாம் வெறும் சத்தம். க்ளோஸ் பண்ணிடுங்க யசோதா" என்றார்.

"என்ன அப்டேட்னு வெண்டர்கிட்டயே கேட்டுட்டுப் பண்றேன் சார்."

வெண்டர் பதில் சொல்லவில்லை. ஒன்றுக்கு மூன்று முறை கேட்டேன். சர்வரை நிறுத்திப் பார்க்க அனுமதி கேட்டேன். கேட் நின்றால் டிரெய்லர்கள் ரோட்டை அடைத்துக்கொள்ளும் என்று மறுத்துவிட்டார். சிவப்பு அப்படியே எரிந்தது.

அந்த வாரத்திலேயே செம்புக் கம்பிச் சுருள்கள் ஏற்றிய ஒரு கன்டெய்னர், சுங்க அனுமதி வருவதற்கு முன்பே, முறையான கேட் பாஸோடு வெளியே போய்விட்டது. பாஸ் போடப்பட்டிருந்தது தேசிங்கின் பெயரில்.

தேசிங்கு வியாசர்பாடிக்காரன், கேட் கிளார்க். என்னைவிட இளையவன், யக்கா என்றுதான் கூப்பிடுவான். விசாரணையே இல்லாமல் அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். போலீஸ் தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி பெஞ்சில் உட்கார வைத்தது. அவன் மனைவி சமையல் வேலை பார்த்த வீட்டில், இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யார்டுக்கு எதிரிலிருந்த டீக்கடையில் அவனைப் பார்த்தேன். டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

"நான் சீட்லதான் குந்திகினு இருந்தேன் யக்கா. அத்த நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்தப் பாஸ் நான் போடல. எம்பேர்ல வந்துகீது. எப்டி வந்துச்சுன்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

"பாஸ்வேர்டை யார்கிட்டயாவது குடுத்தியா?"

"எம்பொண்டாட்டிக்கே தெரியாது. அன்னிக்கி பாஸ்வேர்டு கிளாஸ்ல நீ எங்கள அவ்ளோ திட்னியே, அத்த கேட்டுட்டு எவன் குடுப்பான்?"

என் மேஜைக்கு வந்திருந்த வரிகளைத் திரும்பப் பார்த்தேன். அந்தப் பாஸ் போடப்பட்ட நேரத்தில் தேசிங்கின் பெயரில் இரண்டு பேர் உள்ளே இருந்திருக்கிறார்கள். ஒருவர் கேட்டிலிருந்து. இன்னொருவர் வெண்டரின் தனி வழியிலிருந்து. சர்வரில் இந்த இரண்டாவது வரி இல்லை; யாரோ அழித்திருந்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு வரதனிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அப்போ அவன் பாஸ்வேர்டை வெளியில வித்துட்டான். இன்னும் மோசம்" என்றார். போலீசும் அதையேதான் சொன்னது. விற்கவில்லை, திருடப்பட்டது என்று காட்ட ஒரே வழிதான் இருந்தது. மாறிப்போன அந்த லாகின் புரோகிராமைத் திறந்து, அது ரகசியமாக என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதற்குள் வேறொன்று வந்தது. பெரிய கப்பல் கம்பெனி ஒன்று எங்கள் யார்டைச் சோதிக்க வெள்ளிக்கிழமை ஆடிட்டரை அனுப்புவதாக இருந்தது. வரதன் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஆடிட்டுக்கு முன்னாடி எல்லாம் பச்சையா இருக்கணும். வெண்டர் வந்து கேட் சர்வரை அழிச்சுப் புதுசா ஏத்திடுவான். நீங்க புது பேஸ்லைன் எடுத்துடுங்க."

"அழிச்சா தேசிங்குக்கு இருக்கற ஒரே சாட்சி போயிடும் சார்."

"தேசிங்கு போலீஸ் மேட்டர். இது நம்ம மேட்டர்."

"நான் எடுக்க மாட்டேன்."

அப்போதுதான் முதல்முறையாகக் கண்ணாடியைத் துடைக்காமல் என்னைப் பார்த்தார். "சரி, பேஸ்லைனைப் பூட்ற அந்த ரகசியத் தொடரை எங்கிட்ட சொல்லுங்க. நானே பண்ணிக்கறேன்."

"சொல்ல மாட்டேன்."

"நான் உங்க ஹெட்."

"அதனாலதான் சார். நீங்க அதை மெயில்ல எழுதி வெண்டருக்கே அனுப்பிடுவீங்க."

அந்தத் தொடர் இல்லாமல் சர்வரைப் புதிதாக ஏற்றினால், ஒரு ஃபைலுக்குப் பதிலாக ஒவ்வொரு ஃபைலும் மாறியதாகக் காட்டும். திரை முழுக்கச் சிவக்கும். அதனால் வெண்டரைக் கூப்பிட அவருக்குத் தைரியம் வரவில்லை. என்னை மட்டும் திங்கட்கிழமை முதல் வள்ளூர் குடோனுக்கு மாற்றி உத்தரவு போட்டார். அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய கயிறுகளையும் தார்ப்பாய்களையும் போட்டு வைத்திருந்த குடோன். அங்கே கணினி கிடையாது. காற்றடித்தால் சாம்பல் வரும்.

எனக்கு வெள்ளிக்கிழமை வரை நேரம் இருந்தது. கூடவே வரதனின் கையெழுத்தும் இருந்தது. கேட் சர்வருக்கு மாற்றாக இன்னொரு சர்வர் எப்போதும் தயாராக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலையை அதற்கு மாற்றி ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது விதி. ஒருமுறைகூடப் பார்க்க விட்டதில்லை அவர். ஆனால் பார்த்ததாக ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கேட் பொறுப்பாளர் ஜெலானி பாயிடம் போனேன். ஒரு காலத்தில் டிரெய்லர் ஓட்டியவர். கேட்டில் அவர் தூக்கிய கையை இறக்கினால்தான் வண்டி நகரும்.

"பாய், வெள்ளிக்கிழமை கேட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்தணும். ஒரு டீ குடிக்கிற நேரம்."

"டிரைவர் டீ குடிக்கிற நேரமா, ஆபீசர் டீ குடிக்கிற நேரமா?"

"டிரைவர்."

"அப்ப சரிம்மா." பிறகு குரலைத் தாழ்த்தி, "தேசிங்கு விசயமா?" என்றார்.

"ஆமா."

"பையன் ரொம்ப பேஜாராயிகீறான். நீ டீ இன்னா, பிரியாணியே துன்னு. வண்டிங்கள நான் பாத்துக்கறேன்."

மாற்று சர்வரின் கைரேகைகளை முன்கூட்டியே சரிபார்த்தேன்; எல்லாம் சுத்தமாக இருந்தன. வெள்ளிக்கிழமை மும்பையிலிருந்து ஆடிட்டர் வந்தார். லீனா என்று பெயர். அதிகம் பேசாதவர், பேனாவை மூடி வைக்காதவர். வரதன் அவருக்கு இளநீர் கொடுத்து, ஒத்திகைகள் தவறாமல் நடக்கின்றன என்று விளக்கினார். அந்தச் சிவப்பு என்ன என்று லீனா கேட்டதற்கு, அது ஒரு சோதனை என்றார்.

நான் எழுந்தேன். "சோதனை இல்லை. ஒத்திகையை இப்போதே செய்துகாட்டுகிறேன், அந்தச் சிவப்பையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். லீனா உடனே சரி என்றார். வேண்டாம் என்று சொல்ல வரதனிடம் ஒரு காரணமும் இல்லை. தவறாமல் நடக்கும் ஒத்திகையை எதற்காக மறுப்பது? கண்ணாடியைக் கழற்றினார். டையைத் தேடினார்.

கேட் வேலை மாற்று சர்வருக்குப் போனது. எல்லோருக்கும் புதுப் பாஸ்வேர்டு. ஜெலானி பாய் கையை இறக்கவே இல்லை என்று பிறகு சொன்னார்கள். பழைய கேட் சர்வரை முறைப்படி நிறுத்தாமல் மின்கம்பியைப் பிடுங்கினேன். முறைப்படி நிறுத்தினால், நிற்கும்போதே தடயத்தை அழித்துக்கொள்ளும்படி புகுந்தவன் ஏதாவது எழுதி வைத்திருக்கலாம். அதன் டிஸ்க்கைக் கழற்றி, சுத்தமான வேறொரு கணினியில், படிக்க மட்டும் முடியும்படி பூட்டினேன். அதே சர்வரில் வைத்து ஏன் பார்க்கவில்லை என்று லீனா கேட்டார். "நீ திருடனா என்று திருடனையே கேட்பது போல ஆகும்" என்றேன். எழுதிக்கொண்டார்.

அலமாரியிலிருந்து சி.டி.யை எடுத்து லாகின் புரோகிராமின் பழைய, புதிய கைரேகைகள் இரண்டையும் சுவரில் விழும்படி காட்டினேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. பிறகு அந்தப் போலி லாகின் புரோகிராமுக்குள் இருந்த எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்தேன். அதில் ஒரு ஃபைலின் முகவரி இருந்தது. பிரின்டர் உதவிக் குறிப்புகள் கிடக்கும், யாரும் எட்டிப்பார்க்காத ஒரு மூலை. அதைத் திறந்தேன்.

யார் யார் அந்த சர்வரில் நுழைந்தார்களோ அவர்கள் அத்தனை பேரின் பெயரும், பக்கத்தில் பாஸ்வேர்டும் வரிசையாக இருந்தன. போலி புரோகிராம் எல்லோரிடமும் கேட்டு, வாங்கி, உள்ளே விட்டு, ஒரு பிரதியை இங்கே போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. தேசிங்கு இருந்தான். அவனோடு வேலை பார்த்த எல்லா கிளார்க்குகளும் இருந்தார்கள். நான் இருந்தேன். வரதனும் இருந்தார். அவருடைய பாஸ்வேர்டு எங்கள் நிர்வாக இயக்குநரின் பெயர். கடைசியில் ஒரு 'ஜி'.

அறையில் யாரோ இருமினார்கள். நான் புரொஜக்டரை உடனே அணைத்தேன். 'உடனே' என்பதில் கொஞ்சம் தாராளமாக நடந்துகொண்டேன்.

"அப்படியானால் அந்த கிளார்க் மட்டும் பாஸ்வேர்டை விற்றார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று லீனா வரதனைக் கேட்டார். "இதன்படி எல்லோரும்தானே விற்றிருக்கிறார்கள். நீங்களும்."

லீனா எழுதியது போலீசுக்குப் போனது. வெண்டர் கம்பெனியிலிருந்து விலகிய ஒரு ஆள், திறந்து கிடந்த அந்தத் தனி வழியில் புகுந்தது தெரிந்து பிடித்தார்கள். கன்டெய்னர் கிடைத்தது, காலியாக. கம்பெனி பத்திரிகையில் 'தலைமையின் விழிப்புணர்வால் முறியடிக்கப்பட்ட சதி' என்று வரதனின் படத்தோடு ஒரு பக்கம் வந்தது. அடுத்த வருடம் அவருக்குத் தலைமை அலுவலகத்தில் இன்னும் பெரிய அறை கொடுத்தார்கள். என் வள்ளூர் உத்தரவு ரத்தானதாக யாரும் சொல்லவில்லை. ஆடிட் முடிந்த திங்கட்கிழமை என் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தேன், யாரும் எழுப்பவில்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். தேசிங்கை நிறுத்தி வைத்த அன்றே வரதன் கேட்டுக்குப் போய், அங்கிருந்த பலகையில் அவன் படத்தைத் தன் கையாலேயே ஒட்டியிருந்தார். 'இவரை உள்ளே அனுமதிக்காதீர்கள்' என்று கீழே பெரிய எழுத்து. ஊர் டிரைவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு போகும் இடம். திரும்ப வேலைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியபோது தேசிங்கு வந்தான். ஆனால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். படம் இன்னும் அங்கேதான் இருந்தது.

"உள்ள வா தேசிங்கு, படத்த நான் கீசிடறேன்" என்றார் ஜெலானி பாய்.

"நீ வாணாம் பாய். ஒட்னவரே வரட்டும்."

பாய் கேட்டை மூடிவிட்டார். வண்டிகள் சேர ஆரம்பித்தன. ஆபீசுக்குப் போன் மேல் போன். கடைசியில் வரதன் வெயிலில் நடந்து வந்தார். நானும் பின்னாலேயே போனேன். அதைப் பார்க்காமல் அறையில் உட்கார்ந்திருக்க நான் என்ன முனிவரா?

"என்னப்பா தேசிங்கு, நடந்தது நடந்துபோச்சு" என்று கையை நீட்டினார்.

தேசிங்கு கையைக் கட்டிக்கொண்டான். "அத்த எடு சார்."

டிரைவர்கள் வண்டியை விட்டு இறங்கி வந்து நின்றார்கள். வரதன் பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், படத்தின் மேல் முனையைப் பிடித்து இழுத்தார். பாதி கிழிந்து வந்தது. மீதியையும் இழுத்தார். காகிதத்தைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அந்த மூலைல இன்னும் கொஞ்சம் ஒட்டிகினு கீது சார்" என்றான் தேசிங்கு.

அவர் குனிந்து நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.